92-வது இடம்

இங்கிலாந்துக் கால்பந்து என்றால் நமக்கெல்லாம் தெரிந்தது மேன்செஸ்டர் யுனைட்டெட், லிவர்பூல், ஆர்செனல், செல்சி. ராத்திரி கண்விழித்துப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு பத்துப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நாட்டின் லீக் அமைப்பில் மொத்தம் 92 கிளப்புகள். மேலே பிரீமியர் லீகில் 20, அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் தலா 24. டிவிஷன்களின் பெயரும் பிரிப்பும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. 1992 வரை முதல் டிவிஷன் தொடங்கி நாலாவது டிவிஷன் வரை என்று எளிமையாக இருந்தது. முதல் இடத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது 92-வது இடத்தைப் பற்றி.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2009-இல். ஒரு ப்ராஜெக்டுக்காக லங்காஷயர் பக்கம் ஆன்சைட் போயிருந்தேன். எங்கள் டீமில் மெயின்ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பெரியவர், வயது அறுபதைத் தாண்டியவர். பிறந்தது, வளர்ந்தது, இன்னமும் வசிப்பது எல்லாம் பர்ன்லி. பஞ்சாலைகள் மூடிப்போன ஒரு சின்ன ஊர். அந்த ஊர் கிளப்பை எட்டு வயதிலிருந்து விடாமல் தொடர்கிறவர். அந்த மே மாதம்தான் பர்ன்லி வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைட்டெடை 1-0 என்று ஜெயித்து, 33 வருஷம் கழித்து மறுபடியும் உச்ச டிவிஷனுக்குப் போயிருந்தது. ஆபீஸ் முழுக்க அதே பேச்சு.

சும்மா இருக்காமல் அவரிடம் கேட்டேன்: "இத்தனை வருஷத்தில் மறக்கவே முடியாத மேட்ச் இதுதானே?"

"இல்லை."

"அப்போ 1960?" 1960-இல் பர்ன்லி இங்கிலாந்தின் சாம்பியன். சுமார் 80,000 பேர் இருக்கும் ஊர் நாட்டிலேயே முதல் இடம். கடைசி மேட்ச், மே 2, மேன்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று ஜெயித்தார்கள். அப்பாவோடு போய் அதை நேரில் பார்த்தவர் இவர்.

"அதுவும் இல்லை. ஓரியன்ட் மேட்ச்தான். 1987."

ஓரியன்ட் என்றால் கிழக்கு லண்டனில் ஒரு சின்ன கிளப். அதை ஜெயித்து ஒரு கோப்பையும் கிடைக்கவில்லை. கிடைத்தது 22-வது இடம், அதுவும் 24 கிளப் இருந்த நாலாவது டிவிஷனில். சாம்பியன் பட்டத்தைக் கண்ணால் பார்த்த மனுஷன் 22-வது இடத்தை ஏன் நெஞ்சில் வைத்திருக்கிறார்? அந்தக் கேள்விதான் என்னைப் பழைய பாயின்ட் டேபிள்களுக்குள் இழுத்துவிட்டது. இன்னும் வெளியே வரவில்லை.

முதலில் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐ.பி.எல்.-இல் கடைசி இடத்துக்கு வந்தால் கொஞ்சம் கேலி, அடுத்த ஏலம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஒவ்வொரு டிவிஷனிலும் கடைசியில் வருகிறவர்கள் கீழே இறங்க வேண்டும், கீழே ஜெயிக்கிறவர்கள் மேலே வருவார்கள். ஆனால் நாலாவது டிவிஷனுக்குக் கீழே? அங்கேதான் ஒரு விசித்திரம் இருந்தது. 1987 வரை, அங்கிருந்து கீழே இறங்குவதற்குக் கால்பந்து விதி எதுவும் கிடையாது. இருந்தது ஓட்டெடுப்பு.

சீசன் முடிந்ததும் கடைசி நாலு கிளப்புகள், "எங்களை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று லீகிடம் விண்ணப்பம் போட வேண்டும். லீகுக்கு வெளியே இருக்கும் கிளப்புகளும் விண்ணப்பம் போடும். ஜூன் மாத ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ஓட்டு யாருக்கு? மேல் இரண்டு டிவிஷன் கிளப்புகளுக்குத் தலா ஒன்று. கீழ் இரண்டு டிவிஷன்களுக்கும் எல்லாம் சேர்த்தே நாலுதான். அதாவது உன் தலையெழுத்தை முடிவு செய்கிறவன் உன்னோடு ஒரு தடவைகூட ஆடியிருக்க மாட்டான்.

பெரும்பாலும் பழைய ஆட்களையே திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். ஹார்ட்டில்பூல் 14 தடவை இப்படிக் கையேந்தியது, 14 தடவையும் பிழைத்தது. ஆனால் எப்போதாவது ஒருத்தர் தலை உருளும். 1960-இல் கேட்ஸ்ஹெட். அவர்கள் கடைசி இடத்தில்கூட இல்லை, கீழிருந்து மூன்றாவது. ஆனாலும் வெளியேற்றிவிட்டு பீட்டர்பரோவை உள்ளே எடுத்தார்கள். 1970-இல் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ போய் கேம்பிரிட்ஜ் யுனைட்டெட் வந்தது. 1972-இல் பாரோ. 1977-இல் வொர்க்கிங்டன் போய் விம்பிள்டன். 1978-இல் சவுத்போர்ட் போய் விகன். 1980-இல் ஆல்ட்ரிங்கம் என்ற கிளப் ஒரே ஒரு ஓட்டில், 25-க்கு 26 என்று, ராச்டேலிடம் தோற்று வெளியிலேயே நின்றது.

இதில் பாரோவின் கதை கொஞ்சம் தனி. 1972 பிப்ரவரி 5-ஆம் தேதி, எஃப்.ஏ. கோப்பையில் ஹெரிஃபோர்ட் யுனைட்டெட் என்ற லீகிலேயே இல்லாத கிளப், முதல் டிவிஷன் நியூகாசிலைத் தன் ஊருக்கு வரவழைத்தது. மைதானம் முழுக்கச் சேறு. 82-வது நிமிஷம் மால்கம் மெக்டொனால்டு நியூகாசிலுக்குக் கோல் போட்டதும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் ரானி ராட்ஃபோர்டு, தச்சு வேலை பார்த்துக்கொண்டே கால்பந்தும் ஆடியவர், வெகு தூரத்திலிருந்து ஒரு அடி அடித்தார். பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. எக்ஸ்ட்ரா டைமில் ரிக்கி ஜார்ஜ் இன்னொன்று போட, 2-1. அந்தக் கோலை பி.பி.சி. இன்றுவரை போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வருஷ ஓட்டெடுப்பில் ஹெரிஃபோர்டை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பாரோ இருப்பதோ வடமேற்குக் கடலோரத்தின் ஒரு மூலையில், எங்கிருந்து போனாலும் தூரம். ஹெரிஃபோர்டு உள்ளே, பாரோ வெளியே.

யோசித்துப் பாருங்கள். ஹெரிஃபோர்டு ரசிகனுக்கு ராட்ஃபோர்டின் கோல் இருக்கிறது. பாரோ ரசிகனுக்கு என்ன இருக்கிறது? அவன் கிளப் செத்தது எந்த மேட்சில்? ஒரு மேட்சிலும் இல்லை. கோட்டும் டையும் போட்ட ஆட்கள் கூடிய ஒரு ஹாலில். அவன் அங்கே போகவும் முடியாது, கத்தவும் முடியாது. மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சவுத்போர்ட், வொர்க்கிங்டன், கேட்ஸ்ஹெட் எல்லா ஊரிலும் இதே நிலைதான். துக்கம் இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சனிக்கிழமை மத்தியானம் இல்லை.

1986-87 சீசனிலிருந்து இதை மாற்றினார்கள். இனி ஓட்டு கிடையாது. நாலாவது டிவிஷனில் கடைசியாக வருகிற ஒரு கிளப் நேராக வெளியே. கீழே கான்ஃபரன்ஸ் என்ற லீகின் சாம்பியன், மைதான வசதியும் பண வசதியும் சரியாக இருந்தால், உள்ளே. நியாயமான மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் இதனால் ஒரு புது வகை மேட்ச் பிறந்தது: ஆயுளில் ஒரு நாளும் கோப்பையைப் பார்க்காத ஊர்களின் இறுதிப் போட்டி.

முதல் வருஷமே வலையில் மாட்டியது யார் தெரியுமா? 1888-இல் லீகை ஆரம்பித்த 12 கிளப்புகளில் ஒன்று, இரண்டு தடவை சாம்பியன், நம்ம பெரியவரின் பர்ன்லி.

1987 மே 9, சனிக்கிழமை. கடைசி நாள் காலையில் கீழே இருந்த மூன்று பேர்: லிங்கன் சிட்டி 48 புள்ளி, டார்க்கி யுனைட்டெட் 47, பர்ன்லி 46. ஜெயித்தால் 3, டிரா என்றால் 1. எனக்கு இந்த மாதிரி இடம் வந்தால் கை சும்மா இருக்காது, ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதிப் பார்த்தேன். மூன்று மேட்ச், ஒவ்வொன்றிலும் வெற்றி, டிரா, தோல்வி என்று மொத்தம் 27 வழிகள். அசாதாரணமான ஸ்கோர் எதுவும் வராது என்று வைத்துக்கொண்டால், 27-இல் 20 வழிகளில் வெளியே போவது பர்ன்லி. 5 வழிகளில் டார்க்கி. லிங்கன் வெளியே போவது வெறும் 2 வழிகளில்தான். பர்ன்லி ஜெயித்தே ஆக வேண்டும், ஜெயித்தாலும் போதாது, மற்ற இருவரில் ஒருவர் சறுக்கவும் வேண்டும். லிங்கனுக்கோ ஒரு டிரா போதும். அந்த சீசனில் அதுவரை அவர்கள் கடைசி இடத்தில் இருந்ததே இல்லை.

பர்ன்லியின் டர்ஃப் மூர் மைதானத்துக்கு அந்த சீசனில் பல மேட்சுகளுக்கு வந்தது இரண்டாயிரம், மூவாயிரம் பேர். அன்றைக்கு வந்தது 15,000-க்கும் மேல். உள்ளே விட்டு முடியாமல் ஆட்டத்தையே கால் மணி நேரம் தள்ளி ஆரம்பித்தார்கள். இறுதிச் சடங்குக்கு ஊரே வந்திருந்தது என்றார் பெரியவர். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவனெல்லாம் வந்திருந்தான் என்று கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னார். எதிரே ஓரியன்டும் சும்மா வரவில்லை. ஜெயித்தால் அவர்களுக்கு பிளே-ஆஃப் வாய்ப்பு.

முதல் பாதி முடியும் நேரத்தில் நீல் க்ரூகாக் ஒரு கோல். இடைவேளைக்கு அப்புறம் இயன் பிரிட்டன், அணியிலேயே குட்டையான ஆட்களில் ஒருவர், தலையால் முட்டி இரண்டாவது. அடுத்த சில நிமிஷங்களில் ஓரியன்டின் ஆலன் கம்ஃபர்ட் ஒன்றைத் திருப்பிப் போட்டார். 2-1. அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்கும் மேல் அந்தக் கூட்டம் என்ன பாடுபட்டது என்பதைப் பெரியவர் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "நான் மேட்சைப் பார்க்கவே இல்லை. எனக்கு முன்னால் நின்றவன் காதில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தான். அவன் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

இன்னொரு விஷயம். அன்றைக்கு பர்ன்லியின் மேனேஜர் பிரையன் மில்லர். 1960-இல் சாம்பியன் ஆன அணியில் ஆடியவர் அவர். அதே மனுஷன் 27 வருஷம் கழித்து, அதே கிளப் காணாமல் போகாமல் இருக்க, அதே மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறார். நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம்.

டிரான்சிஸ்டரில் வந்துகொண்டிருந்த சங்கதி இதைவிட விசித்திரம். தெற்கே கடற்கரை ஊரான டார்க்கியில், க்ரூ அலெக்சாண்ட்ரா இடைவேளையிலேயே 2-0 என்று முன்னால் இருந்தது. இரண்டாம் பாதி ஆரம்பத்தில் டார்க்கியின் தடுப்பாட்டக்காரர் ஜிம் மெக்னிகல் ஃப்ரீ கிக்கில் ஒன்று போட்டார். அதோடு நின்றுவிட்டது. ஆட்டம் முடிய சில நிமிஷம் இருக்கும்போது மெக்னிகல் பந்தைத் துரத்திக்கொண்டு பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஓடினார். அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு போலீஸ்காரர், கையில் பிரின் என்ற அல்சேஷன் நாய். ஒரு ஆள் தன் எஜமானரை நோக்கிப் பாய்ந்து வருகிறான் என்று அது நினைத்ததோ என்னவோ, மெக்னிகலின் தொடையைக் கவ்விவிட்டது.

ரத்தம், கட்டு, முதலுதவி என்று நிமிஷங்கள் போயின. அந்த நேரத்தை நடுவர் கடைசியில் சேர்த்துக் கொடுத்தார். சேர்த்துக் கொடுத்த அந்த நேரத்தில்தான் பால் டாப்சன் கோல் போட்டார். 2-2. டார்க்கிக்கு 48 புள்ளி.

இதற்குள் ஸ்வான்சீயில் லிங்கன் 2-0 என்று தோற்று 48-லேயே நின்றுவிட்டது. டார்க்கியும் லிங்கனும் சமம், கோல் வித்தியாசத்தில் டார்க்கி மேலே. பர்ன்லி ஜெயித்து 49. அந்த 27-இல் 2 வழிகளில் ஒன்று நடந்தேவிட்டது. சீசன் முழுக்கக் கடைசி இடத்தையே பார்க்காத லிங்கன், கடைசி நாளின் கடைசி நிமிஷங்களில் அங்கே போய் உட்கார்ந்து, புது விதியால் வெளியேறிய முதல் கிளப் ஆனது. டார்க்கியில் இன்றைக்கும் பிரின் ஒரு தெய்வம். லிங்கன்காரர்களிடம் அந்த நாயைப் பற்றிக் கேட்காமல் இருப்பது நல்லது.

லிங்கனுக்கு நல்லது என்னவென்றால் அடுத்த வருஷமே கான்ஃபரன்ஸ் சாம்பியனாகித் திரும்பி வந்தார்கள். பர்ன்லி அடுத்த வருஷம் கீழ் டிவிஷன்களுக்கான ஷெர்பா வேன் டிராஃபி இறுதியில் ஊல்வ்ஸோடு வெம்ப்ளியில் ஆடித் தோற்றது. இரண்டும் நாலாவது டிவிஷன் அணிகள். பார்க்க வந்தவர்கள் 80,841. பிழைத்ததைக் கொண்டாடத்தான் பாதிப் பேர் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த விதியில் ஓட்டை இல்லாமலும் இல்லை. மைதானம் சரியில்லை, வசதி போதாது என்று 1994-இல் கிட்டர்மின்ஸ்டருக்கும், 1995-இல் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கும், 1996-இல் ஸ்டீவனேஜுக்கும் மேலே வர அனுமதி மறுத்துவிட்டார்கள். மேலே யாரும் வராவிட்டால் கீழே யாரும் போக வேண்டாம். 1996-இல் அப்படி உயிர் பிழைத்த கடைசி இடத்துக்காரர் யார்? அதே டார்க்கிதான். சிலருக்கு ஜாதகம் அப்படி.

அடுத்தது 1997 மே 3. இதைப் பற்றி எழுதும்போது எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரிவதில்லை. எட்கர் ஸ்ட்ரீட் மைதானம், ஹெரிஃபோர்ட். ஆமாம், ராட்ஃபோர்டு கோல் போட்ட அதே மைதானம். எதிரணி பிரைட்டன். கடைசி நாள் காலையில் இரண்டுக்கும் 46 புள்ளி. கீழே இருக்கும் இருவரும் நேருக்கு நேர், ஒருவர் வெளியே. ஓட்டெடுப்பை ஒழித்தவர்களே இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

பிரைட்டன் 1983-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிவரை போன கிளப். ஆனால் 1990-களில் கடன் முற்றி, நிர்வாகம் 95 வருஷம் ஆடிய கோல்டுஸ்டோன் மைதானத்தையே விற்றுவிட்டது. மாற்று மைதானம் கிடையாது. ரசிகர்கள் போராடினார்கள், மைதானத்துக்குள் இறங்கினார்கள். அதற்குத் தண்டனையாக அணிக்கு 2 புள்ளி பிடித்தம். குளிர்காலத்தில் பத்துப் புள்ளிக்கும் மேல் பின்தங்கிக் கடைசியில் கிடந்தார்கள். 1997 பிப்ரவரியில் நாடு முழுவதிலுமிருந்து வேறு வேறு கிளப் ரசிகர்கள், ஜென்மப் பகையாளிகள் உட்பட, தங்கள் கிளப் பனியனைப் போட்டுக்கொண்டே பிரைட்டனுக்காக ஒரு மேட்சுக்கு வந்து நின்றார்கள். அன்று ஹார்ட்டில்பூலை 5-0 என்று ஜெயித்தார்கள். மேனேஜர் ஸ்டீவ் கிரிட் ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்தார். ஏப்ரல் 26, கோல்டுஸ்டோனில் கடைசி மேட்ச், டான்காஸ்டரை 1-0. முடிந்ததும் ஜனங்கள் புல்லையும் நாற்காலியையும் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே இப்போது இருப்பது கடைவளாகம்.

ஒரு வாரம் கழித்து ஹெரிஃபோர்ட். முதல் பாதியில் பிரைட்டனின் கெரி மாயோ, பரம்பரை பிரைட்டன் ரசிகர், சொந்த வலையிலேயே பந்தைத் தள்ளிவிட்டார். 1-0. ஹெரிஃபோர்டு பிழைத்தது போலத்தான். இரண்டாம் பாதியில் மாற்று வீரராக வந்த ராபி ரைனெல்ட், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தை உள்ளே அடித்தார். 1-1. கடைசி நேரத்தில் ஹெரிஃபோர்டுக்கு ஒரு வாய்ப்பு, ஏட்ரியன் ஃபாஸ்டர் கோல்கீப்பருக்கு நேர் எதிரே தனியாக. பந்து கோல்கீப்பர் கையில் போய்விட்டது.

இரண்டுக்கும் 47 புள்ளி. இங்கே ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம் இருக்கிறது, எனக்கு இதுதான் இன்னமும் உறுத்துகிறது. பிரைட்டன் போட்டது 53, வாங்கியது 70. ஹெரிஃபோர்டு போட்டது 50, வாங்கியது 65. கோல் வித்தியாசம் பார்த்தால் ஹெரிஃபோர்டுக்கு மைனஸ் 15, பிரைட்டனுக்கு மைனஸ் 17. உலகம் முழுக்கப் பழகிய விதிப்படி பிரைட்டன் வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் 1992 முதல் 1999 வரை மட்டும் அந்த லீகில் சமன் முறிக்க வித்தியாசத்தைப் பார்க்கவில்லை, போட்ட கோல்களை மட்டும் எண்ணினார்கள், தாக்கி ஆடட்டும் என்று. ப்ரோக்ராமில் ஒரு ஸார்ட் கண்டிஷன் மாறினால் ரிப்போர்ட்டில் இரண்டு வரி இடம் மாறும், அவ்வளவுதான். இங்கே இடம் மாறியது இரண்டு ஊர்.

பிரைட்டன் அதற்கப்புறம் இரண்டு வருஷம் சுமார் 70 மைல் தள்ளி ஜில்லிங்கத்தில் இரவல் மைதானத்தில் ஆடி, பிறகு ஒரு தடகள மைதானத்தில் ஆடி, 2011-இல் சொந்த மைதானம் கட்டி, 2017-இல் பிரீமியர் லீகுக்கு வந்தது. ஹெரிஃபோர்டு சேற்றில் ஜெயித்து வாங்கிய இடத்தை 25 வருஷத்தில் இழந்தது. நடுவில் ஒரு வருஷம் மேல் டிவிஷன்வரை ஏறிப்போய், 2014 டிசம்பரில் கடனில் கிளப்பையே கோர்ட் கலைத்துவிட்டது. அதே மைதானத்தில் வேறொரு கிளப்பை ரசிகர்கள் ஆரம்பித்து, அடிமட்டத்திலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது மேட்ச் உங்களில் சிலருக்கு யூடியூபில் வந்திருக்கும். 1999 மே 8, கார்லைல் யுனைட்டெட், பிளிமத் ஆர்கைல். ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்து ஊர் கார்லைல். 1974-இல் முதல் டிவிஷனில் மூன்று மேட்ச் முடிந்தபோது நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்த கிளப் இது. 1928-இலிருந்து லீகில் இருந்தார்கள். இந்தக் கடைசி நாளில் அவர்களுக்கு 46, ஸ்கார்பரோவுக்கு 47.

கார்லைல் தன் கோல்கீப்பரை விற்றுவிட்டது. இரவல் வாங்கிய இன்னொரு கோல்கீப்பரை அவருடைய கிளப் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. மாற்றங்களுக்கான கெடு முடிந்துவிட்டதால் லீகிடம் விசேஷ அனுமதி வாங்கி, ஸ்விண்டனிலிருந்து ஜிம்மி கிளாஸ் என்ற கோல்கீப்பரை இரவலாகக் கொண்டு வந்தார்கள். இது அவருடைய மூன்றாவது, கடைசி மேட்ச். இரண்டாம் பாதியில் பிளிமத் ஒன்று, கார்லைலின் டேவிட் பிரைட்வெல் ஒன்று. 1-1. அங்கே ஸ்கார்பரோவும் பீட்டர்பரோவோடு 1-1, அந்த மேட்ச் முடிந்தேவிட்டது. ஸ்கார்பரோ 48, கார்லைல் 47. ஸ்கார்பரோ ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

கார்லைலில் இஞ்சுரி டைமும் தீரப்போகிறது. ஒரு கார்னர். கோல்கீப்பர் கிளாஸ் சிவப்புச் சட்டையோடு மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடி வருகிறார். பந்து வருகிறது, ஸ்காட் டோபி தலையால் முட்டுகிறார், பிளிமத் கோல்கீப்பர் தடுக்கிறார், பந்து கிளாஸ் காலடியில் விழுகிறது. வலது காலால் ஒரு அடி. கூட்டம் அவர் மேல் வந்து விழுந்தது. மறுபடி ஆட்டத்தைத் தொடங்கியதும் சில நொடிகளில் நடுவர் விசில் ஊதிவிட்டார். கிளாஸ் தொழில்முறையில் போட்ட ஒரே கோல் அது. ஓரிரு வருஷத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு, பிற்பாடு தெற்கே டாக்சி ஓட்டினார்.

இந்த வீடியோவைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கார்லைல் பக்கம்தான் பார்க்கிறார்கள். நான் கொஞ்ச நாளாக அந்தப் பக்கம், நூறு மைலுக்கும் மேல் தள்ளி ஸ்கார்பரோவில் மைதானத்துக்குள் நின்று ஆடிக்கொண்டிருந்தவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். செய்தி வந்ததும் அந்த ஆட்டம் எப்படி நின்றிருக்கும்! இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1987-இல் லிங்கன் வெளியேறியபோது, ஓட்டெடுப்பே இல்லாமல் நேரடியாக உள்ளே வந்த முதல் கிளப் யார் என்று நினைக்கிறீர்கள்? நீல் வார்னாக் மேனேஜராக இருந்த இதே ஸ்கார்பரோ. 1989-இல் லீக் கோப்பையில் செல்சியையே வீழ்த்தியவர்கள். 12 வருஷம் லீகில் இருந்தார்கள். அவர்கள் மைதானத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் மெக்கெய்ன் கம்பெனியின் பெயர். ஓல்டு டிராஃபோர்டு கனவுகளின் அரங்கம் என்றால் இது சிப்ஸ் அரங்கம் என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். 1999-க்குப் பிறகு கிளப் எழவே இல்லை. 2007-இல் கடனில் கலைந்தது. அந்த இடத்தில் இப்போது லிடில் சூப்பர்மார்க்கெட்.

கார்லைலும் ரொம்ப நாள் தப்பிக்கவில்லை. 2003-இலிருந்து ஒரு கிளப்புக்குப் பதில் இரண்டு இறங்க வேண்டும் என்று விதி மாறியது. 2004-இல் கார்லைல் இறங்கியது. ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது என்பது வேறு விஷயம். கிளாஸ் வாங்கிக் கொடுத்தது ஐந்து வருஷம். ஐந்து வருஷம் என்றால் ஒரு பையன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முதல் மேட்சுக்கு வந்து, தனியாக பஸ் ஏறி வருகிற அளவுக்கு வளர்ந்துவிடுவான். பெரியவர் ஓரியன்ட் மேட்சைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். "1960-இல் ஜெயிக்காமல் போயிருந்தால் என்ன, அடுத்த சனிக்கிழமை மேட்ச் இருந்திருக்கும். 1987-இல் தோற்றிருந்தால் என் பையனோடு எங்கே போவேன்?"

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த ஊர் ஒன்று பாக்கி இருக்கிறது, அக்ரிங்டன். பர்ன்லிக்கு ரொம்பப் பக்கம்தான். அக்ரிங்டன் ஸ்டான்லி 1962 மார்ச்சில், சீசன் நடுவிலேயே, கடன் தாங்காமல் லீகிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதியது. உடனே மனம் மாறித் திரும்ப வாங்கப் பார்த்தார்கள், லீக் கொடுக்கவில்லை. அந்த சீசனில் அவர்கள் ஆடிய மேட்சுகளைக்கூட அட்டவணையிலிருந்து அழித்துவிட்டார்கள். காலியான இடத்துக்கு வந்தது ஆக்ஸ்ஃபோர்டு யுனைட்டெட். 1968-இல் அதே பெயரில் புதுசாக ஒரு கிளப்பை ஊர்க்காரர்கள் ஆரம்பித்தார்கள். அது 2006-இல் கான்ஃபரன்ஸ் சாம்பியனாகி லீகுக்குள் வந்தது. அந்த வருஷம் கீழே இறங்கிய இருவரில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு யுனைட்டெட். கடைசி நாளில் ஆக்ஸ்ஃபோர்டை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்து, தானும் மேல் டிவிஷனுக்குப் போன கிளப் எது? ஓரியன்ட். 1987-இல் பர்ன்லியில் தோற்றுப்போன அதே ஓரியன்ட்.

பாரோவும் திரும்பி வந்தது, 48 வருஷம் கழித்து, 2020-இல். ஆனால் அது கொரோனா வருஷம். சீசனைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஆடிய மேட்சுகளின் சராசரிப் புள்ளியைக் கணக்குப் போட்டு, பாரோதான் சாம்பியன் என்று ஜூன் மாதத்தில் அறிவித்தார்கள். கடைசி நாள் மேட்ச் என்று ஒன்று இல்லை, மைதானத்துக்குள் யாரும் பாயவில்லை. வெளியே போனதும் ஒரு கூட்டத்தில், உள்ளே வந்ததும் ஒரு கணக்கில்.